கட்டைவிரல் மூலை

பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை மாலை, ரயில்வே கேட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில், மாடியில்லாத ஒரு வீட்டின் சமையலறைச் சுவருக்குள் ஓர் ஆணின் வலது கை தோள்வரை மாட்டிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து, சுவரை உடைத்து, அவரை வெளியே எடுத்தார்கள்.

இதுவரை சொன்னதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. சந்தேகமெல்லாம் அதற்கு முந்தைய இரண்டரை மணி நேரத்தைப் பற்றித்தான். அது முழுவதற்கும் சாட்சி ஓர் அக்காவும் அவள் தங்கையும்தான். அக்கா அதைப் போலீசிடம் சொன்னாள். மாவுக்கட்டு போட்ட டாக்டரிடம் சொன்னாள். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒரு தடவைகூட பேச்சு முன்பின் ஆகவில்லை. இங்கே இருப்பது அவள் சொன்னதுதான். கை, கால், மூக்கு எதுவும் ஒட்டவைக்கவில்லை.

அக்கா ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். உடைந்த கண்ணாடி, வீங்கிய பேட்டரி இதெல்லாம் பக்கத்து மேஜைக்காரன் பொறுப்பு. அவனை எல்லோரும் ‘ஸ்க்ரூ’ என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த போனைப் பிரித்து மாட்டினாலும் அவன் கையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். அக்காவின் வேலை வேறு. வாடிக்கையாளரின் ஹோம் ஸ்கிரீனை ஒழுங்கு செய்து கொடுப்பது. கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் கண் மங்கியவர்களும், பிள்ளைகள் கண்டதையும் ஏற்றிவைத்த போனோடு வருபவர்களும் அவளைத் தேடித்தான் வந்தார்கள்.

திரையின் கீழே, வலது ஓரத்தை அவள் ‘கட்டைவிரல் மூலை’ என்பாள். போனை ஒரு கையில் பிடித்தால் பார்க்காமலே விரல் போய் விழும் இடம். “வழுக்கி விழுந்தா யாரைக் கூப்பிடுவீங்க?” என்று கேட்பாள். அந்த ஆளின் முகத்தோடு ஒரு ஷார்ட்கட்டை அங்கே வைப்பாள். பெயர் வைக்க மாட்டாள். முகம் போதும். தொட்டால் அழைப்பு போய்விடும்.

கடையில் இன்னொரு சொல்லும் புழங்கியது. ஆப்பை அழித்த பிறகும் சில ஷார்ட்கட்கள் திரையிலேயே தங்கிவிடும். சாம்பல் பூத்துக் கிடக்கும். தொட்டால் எதுவும் திறக்காது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிணம்’.

“இன்னைக்கு எத்தனை பிணம் தூக்குனே?” என்று கேட்பான் ஸ்க்ரூ.

“பதினொண்ணு. ஒண்ணுக்கும் அழ ஆளில்ல.”

பிணத்தை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அழுத்திப் பிடிப்பது, மேலே ‘நீக்கு’ என்ற இடத்துக்கு இழுத்து விடுவது. அவ்வளவுதான். இதை அவள் யோசிக்காமல் செய்வாள். அன்றைக்கும் யோசிக்காமல்தான் செய்தாள்.

மணி மூன்று நாற்பது. தங்கை கடைக்குள் வந்தாள்.

அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். புருஷன் டைல்ஸ் மேஸ்திரி. நல்ல வேலைக்காரர், அதிர்ந்து பேசாதவர், இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி யாரோடோ போய்விட்டாள் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார். ஒளிக்காமல் சொன்னாரே என்று வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

தங்கையின் வலது ஆள்காட்டி விரலில் கட்டு.

“என்னடி விரலுக்கு?”

“கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு.”

“எந்தக் கதவு? மீசை வச்ச கதவா?”

தங்கை சிரிக்கவில்லை. போனை மேஜைமேல் வைத்தாள்.

“இதுல ஒண்ணு வந்து வந்து நிக்குதுக்கா. எடுத்துக் குடு. சாயங்காலம் அவர் வர்றதுக்குள்ள போயிருக்கணும்.”

“இல்லன்னா?”

தங்கை கட்டுப்போட்ட விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அந்த ஒரு அசைவில் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்த போன் இதே கடையில் வாங்கியது. கல்யாணத்துக்கு முதல் நாள் அக்காவே பெட்டியைப் பிரித்து, அக்காவே ஐகான்களை அடுக்கிக் கொடுத்தது. பழைய போனிலிருந்து எதையும் ஏற்றவில்லை. அதனால் அதில் பிணம் இருக்க வழியில்லை.

இருந்தது. இரண்டாவது பக்கத்தின் நடுவில். வட்டமாக, சாம்பல் நிறத்தில், பெயர் இல்லாமல். ஓர் ஆளை அழைப்பதற்கான ஷார்ட்கட்டின் வடிவம். உள்ளே மங்கலாக ஒரு தலை.

அழுத்திப் பிடித்தாள். இழுத்தாள். நீக்கினாள்.

“அவ்வளவுதான். இதுக்கா இவ்வளவு...”

“முதல் பக்கத்தைப் பாரு.”

முதல் பக்கம். வலது ஓரம். மேலிருந்து மூன்றாவது வரிசை. அதே வட்டம்.

மறுபடி நீக்கினாள். திரை ஒருமுறை இமைத்தது. நான்காவது வரிசையில் வந்து நின்றது.

“எடுக்க எடுக்க கீழ இறங்கும்க்கா,” என்றாள் தங்கை. “இறங்க இறங்க முகம் தெளியும். போன வாரம் கண்ணு இல்ல.”

அக்கா குனிந்து பார்த்தாள். இப்போது கண் இருந்தது.

ஸ்க்ரூ எட்டிப் பார்த்தான். “வைரஸ் தாயி. மொத்தமாத் துடைச்சு விட்ரு. பொறந்த குழந்தை மாதிரி ஆயிடும்.”

துடைத்தார்கள். கால் மணி நேரம் ஆனது. போன் அணைந்து, எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தங்கை போட்டுவைத்த படங்கள் இல்லை. எண்கள் இல்லை. திரை கழுவி விட்ட தரைபோல இருந்தது.

ஐந்தாவது வரிசையில் அது மட்டும் நின்றது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. கட்டைவிரலால் அழுத்தி வேகமாக மேலே இழுத்தாள்.

டக்.

நகம் நடுவில் பிளந்தது. யாரோ நகத்துக்கு அடியில் கத்தி விட்டு நெம்பியதுபோல. ரத்தம் கண்ணாடியில் சொட்டியது. போனில் விரிசல் எதுவும் இல்லை. விரலை எதுவும் கிழிக்கவில்லை.

ஸ்க்ரூ கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தான்.

“அதை விட்ருங்க,” என்றான். அன்றைக்கு அதற்கப்புறம் அவன் ஒரு கேலியும் பேசவில்லை.

துணியை விரலில் சுற்றிக்கொண்டு அக்கா கேட்டாள். “உண்மையைச் சொல்லு. உன் விரலை யாரு உடைச்சா?”

“ஞாயித்துக்கிழமை ராத்திரி அவர் என் போனை எடுத்துப் பாத்தாரு. இது மங்கலாத்தான் இருந்துச்சு. ஆனா பாத்ததும் அப்படியே வெளிறிட்டாரு. யாருடி இதை இங்க வச்சதுன்னாரு. எனக்குத் தெரியலன்னேன். விரலைப் பிடிச்சு... பின்னால மடக்குனாரு. சத்தம் எனக்கே கேட்டுச்சுக்கா. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்காரு.”

“யாரு முகம் இது?”

“அவரோட முதல் சம்சாரம். பரண்ல ஒரு போட்டோ கிடந்துச்சு. அதுல பாத்திருக்கேன்.”

“நீ அந்த வீட்டுக்குத் திரும்பப் போகாத. இப்படியே என்கூட வா.”

“என் சர்டிபிகேட் எல்லாம் பீரோவுல இருக்குக்கா. அதை விட்டா எனக்கு எந்த வேலையும் கிடைக்காது. அவர் ஆறரைக்குத்தான் வருவாரு. போய் எடுத்துட்டு உடனே வந்துடலாம்.”

ஐந்தரை மணிக்கு இருவரும் அந்த வீட்டில் இருந்தார்கள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. தங்கை உள்ளறையில் பீரோவைத் திறந்து பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அக்கா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

பளிச்சென்ற சமையலறை. அடுப்புக்குப் பின்னால், தரையிலிருந்து கூரைவரை, வெள்ளை டைல்ஸ். அங்கே முன்பு ஆள் உயரத்துக்கு ஆழமான சுவர் அலமாரி இருந்ததாம். ஈரம் ஏறுகிறது என்று மேஸ்திரி அதை அடைத்துவிட்டார். கல்யாணமான புதிதில் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ரப்பர் சுத்தியலால் தட்டி, “நான் ஒட்டுன டைல்ஸுக்குப் பின்னால காத்துகூட நிக்காதுக்கா” என்று பெருமைப்பட்டிருக்கிறார்.

போன் அவள் கையில் இருந்தது. ஒளிர்ந்தது.

வட்டம் கட்டைவிரல் மூலைக்கு வந்துவிட்டிருந்தது.

முகம் முழுசாகத் தெரிந்தது. இருபத்தைந்து வயது இருக்கலாம். நெற்றியில் ஒரு தழும்பு. திறந்த கண்கள். வாய் மட்டும் தெளியவில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் அப்பிக் கிடந்தது.

வழுக்கி விழுந்தா யாரைக் கூப்பிடுவீங்க... எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள். அந்த மூலைக்கு வருவது நீக்குவதற்காக வருவதில்லை. தொடுவதற்காக வருவது. மூன்று தடவை இழுத்தெறிந்தவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

தொட்டாள்.

திரையில் எண் எதுவும் வரவில்லை. ‘அழைக்கிறது’ என்று மட்டும் வந்தது.

ர்ர்ர்... ர்ர்ர்...

போனிலிருந்து வந்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். காதிலிருந்து எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை.

ர்ர்ர்... ர்ர்ர்...

அடுப்பு மேடையில் ஒரு கரண்டி தானாக நடுங்கியது. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். டைல்ஸ் அதிர்ந்தது. சட்டைப் பையில் வைத்த போன் அதிர்வதுபோல. உள்ளே. நெஞ்சு உயரத்தில்.

பிறகு அதிர்வு நின்றது.

திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின. ஒன்று. இரண்டு. மூன்று...

யாரோ அழைப்பை எடுத்துவிட்டார்கள்.

பேச்சு இல்லை. மூச்சு இல்லை. நகம் சிமென்ட்டைப் பிராண்டுகிற சத்தம் மட்டும். சுவரில் ஒரு பிராண்டல். ஒரு நொடி கழித்து அதே பிராண்டல் போனுக்குள்.

வாசலில் பைக் வந்து நின்றது.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

“வாங்கக்கா. எப்ப வந்தீங்க?”

மேஸ்திரி சமையலறை வாசலில் நின்றார். தோளில் சாமான் பை. முகத்தில் சிரிப்பு. அவர் பின்னாலேயே தங்கை ஓடிவந்தாள், கையில் துணிப்பையோடு. அவர் அந்தப் பையைப் பார்த்தார். பிறகு அக்காவின் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

அப்போது சுவர் பிராண்டியது.

சிரிப்பு போய்விட்டது. தங்கையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அவசரப்படவில்லை.

“இன்னும் போகலையா இது?”

“அது எங்க போகும்? நீங்க எங்க வச்சீங்களோ அங்கதான் இருக்கு,” என்றாள் அக்கா.

அவர் தங்கையின் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேடை விளிம்பில் மோதினார். ஒருமுறை. அவள் சத்தம் போடாமல் மடங்கி விழுந்தாள். அக்கா அவர்மேல் பாய்ந்தாள். பையிலிருந்து இரும்புச் சுத்தியல் வெளியே வந்தது. தலைக்கு வந்ததை அவள் இடது கையால் தடுத்தாள். முன்கை எலும்பு முறிந்து கை தொங்கியது. போன் அவர் கைக்குப் போனது.

“நான் எடுக்குறேன். எப்படிப் போகலன்னு பாக்குறேன்.”

சுத்தியலை இடது கைக்கு மாற்றி, போனை மேடையில் வைத்தார். வலது ஆள்காட்டி விரலால் அந்த முகத்தை அழுத்திப் பிடித்தார். மேலே இழுத்தார்.

டக்.

விரல் பின்பக்கமாக மடிந்து புறங்கையைத் தொட்டது.

அவர் கத்தவில்லை. யாருடைய விரலையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நடுவிரலை வைத்தார். இழுத்தார்.

டக்.

மோதிர விரல்.

டக்.

அப்போதுதான் கத்தினார். அப்போதும் போனை விடவில்லை. வீம்பு. சுண்டுவிரலையும் வைத்தார்...

முகம் மூலையிலேயே இருந்தது. அசையவில்லை.

சுவரிலிருந்து ஒரு டைல்ஸ் விழுந்து நொறுங்கியது. அந்த இடத்தில் ஒரு துளை. முஷ்டி அளவு. உள்ளே இருட்டு.

அவர் திரும்பினார். கீழே கிடந்த தங்கையைப் பார்த்தார்.

“எல்லாம் உன்னாலதான்டி...”

சுத்தியல் அவள் தலைக்கு மேலே உயர்ந்தது.

இறங்கவில்லை.

அவருடைய வலது கை சுவரை நோக்கி நீண்டது. அவர் நீட்டவில்லை. உடம்பு பின்னால் சாய்ந்தது, கால்கள் தரையில் சறுக்கின, கை மட்டும் முன்னால் போனது. உடைந்த விரல்கள் துளைக்குள் நுழைந்தன.

மணிக்கட்டு.

சுத்தியல் கீழே விழுந்தது.

முழங்கை.

“இழுக்குறா...” என்றார். “அக்கா... இழுக்குறா...”

மறுபடி உள்ளே.

காய்ந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாக ஒடிக்கிற சத்தம்.

தோள்.

அக்கா ஒரு கையால் தாழைத் திறந்தாள். அதே கையால் தங்கையை எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனைவரை அவர் குரல் கேட்டது.

சுவரை உடைக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்தத் துளைக்குள் ஒரு குழந்தையின் கை போகலாம். பெரியவர் ஒருவரின் தோள் எப்படிப் போனது என்று தீயணைப்பு அதிகாரிக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே, அடைத்த அலமாரிக்குள், ஒரு பெண் நின்ற நிலையில் இருந்தாள். அவள் வாய் நிறைய சிமென்ட் இறுகியிருந்தது. எலும்பாகிப் போன அவள் விரல்கள் அவரது மணிக்கட்டைச் சுற்றிப் பூட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

மேஸ்திரி பிழைத்துக்கொண்டார். வலது கையைத் தோளுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வாக்குமூலம் கொடுத்தார். முதல் மனைவியின் பிறந்த வீட்டுக்கு அவளுடைய போனிலிருந்தே ‘என்னைத் தேடாதீங்க’ என்று செய்தி அனுப்பியது தான்தான் என்றார். பிறகு சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு, போனை அவளோடு உள்ளே போட்டு அடைத்ததாகச் சொன்னார். மற்ற எதைக் கேட்டாலும் சுவர் பக்கம் உட்கார மாட்டேன் என்று மட்டும் சொல்கிறாராம்.

பத்து நாள் கழித்து, காலையில், விசாரணை அதிகாரியான ஒரு பெண் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். அக்காவின் கையில் மாவுக்கட்டு இருந்தது. ஸ்க்ரூ நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

“உங்க தங்கச்சிக்கு அந்தப் பொண்ணை முன்னாடியே தெரியுமா?”

“தெரியாதும்மா. பாத்ததே இல்ல.”

“அந்தப் பொண்ணுக்கு உங்க தங்கச்சியை?”

“எப்படித் தெரியும்? இவளுக்குக் கல்யாணம் பேசுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவ...”

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். சுவருக்குள் கிடந்த போனின் பேட்டரி வெடித்து உலர்ந்து போயிருந்ததாம். அதை வைத்து எந்த அழைப்பையும் எடுக்க முடியாது. ஆய்வகத்தில் வேறு பேட்டரி போட்டு ஒருமுறை அதற்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். எழுந்த திரையைப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை அவர் அக்காவிடம் காட்டினார்.

ஹோம் ஸ்கிரீன். எந்த ஐகானும் இல்லை. கீழே, வலது ஓரத்தில், கட்டைவிரல் மூலையில், ஒரே ஒரு ஷார்ட்கட்.

வட்டத்துக்குள் தங்கையின் முகம். அதைத் தொட்டால் போகும் எண் தங்கையின் எண்.

அந்த முகத்தை வெட்டி எடுத்த முழுப் படத்தையும் ஆய்வகத்தில் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். தங்கை அடுப்பின் முன் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சமையலறைக் கதவு. படம் டைல்ஸ் பக்கமிருந்து எடுத்தது. அடுப்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு பூனை நிற்கக்கூட இடம் கிடையாது.

படத்தில் அவள் விரலில் கட்டு இருந்தது.

விரல் உடைந்தது பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை இரவு. மேஸ்திரி அந்தச் சுவரை அடைத்தது அதற்குப் பத்தொன்பது மாதங்களுக்கு முன்னால்.